வேலிகாத்தான் மேல் ஒரு பொய்வழக்கு



நேற்று என் தம்பி மகன் குடும்பக் குழுவில் ஒரு நோட்டீஸ் மாதிரி அனுப்பியிருந்தான். எக்கியார்குப்பத்தில் ஜேசிபி வைத்து வேலிகாத்தானை, அதாவது சீமைக் கருவேலத்தை, பிடுங்கப் போகிறார்களாம். நல்ல காரியம். ஆனால் காரணம் என்று போட்டிருக்கிறார்களே: "இம்மரம் ஆக்சிஜனை உறிஞ்சி, கரியமில வாயுவை வெளியிட்டு, காற்றின் ஈரத்தையும் குடித்துவிடும்." 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய அதே சரக்கு. அதற்குப் பதினாறு பேர் கும்பிடு போட்டிருக்கிறீர்கள். அதில் ஐந்து பேர் என்னிடம் படித்தவர்கள்!

இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு காப்பு செல்கள் காவல். அவை நீர் ஏறிப் புடைத்தால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடும். பகலில் அந்த வழியாகக் கரியமில வாயு உள்ளே போகும், ஆக்சிஜன் வெளியே வரும். வேம்புக்கும் பூவரசுக்கும் அதுதான், வேலிகாத்தானுக்கும் அதுதான். பச்சை இலைக்கு வேறு பிழைப்பு கிடையாது. கரியமில வாயுவை எடுக்காமலே அது வளர்கிறது என்றால் அதன் கட்டையில் இருக்கிற கரி எங்கிருந்து வந்தது? அந்த விறகில்தானே நம் வீட்டுப் பெண்கள் சோறு பொங்கினார்கள்?

ஈரத்தைக் குடிக்கிறதாம். இலைக்குள் இருக்கும் காற்றில் நீராவி நிறைந்திருக்கும். துளை திறந்தால் அது வெளியேதான் போகும். வேர் நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இரவில் வெளிச்சம் இல்லை, அதனால் சுவாசம் மட்டும் நடக்கும், கரியமில வாயு வெளியே வரும். எல்லா மரத்துக்கும் இதே கதைதான். இங்கன்ஹவுஸ் 1779-லேயே எழுதிவிட்டார். கடலோரக் காற்றில் அது எந்த மூலைக்கு?

தப்பு என் பேரிலும் உண்டு. "நாம் ஆக்சிஜனை எடுக்கிறோம், செடி கரியமில வாயுவை எடுக்கிறது" என்று ஒரே வரியில் நோட்டில் எழுதவைத்தவன் நான். செடியும் இரவு பகலாகச் சுவாசிக்கிறது, பகலில் ஒளிச்சேர்க்கை அதை மிஞ்சிவிடுகிறது என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

வேலிகாத்தானைப் பிடுங்குங்கள். நாட்டுச் செடிகளை வளரவிடாது, புறம்போக்கையெல்லாம் வளைத்துவிடும், மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுக்க இந்தக் காரணங்கள் போதாதா?

நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்குள் அந்த வரியை எடுத்துவிடப்பா. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுவாய், ஏழாம் வகுப்புப் பிள்ளை நின்று படிக்கும்.