கணினி யாருடையது?

பொது அறிவுப் போட்டிகளுக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர், கண்டுபிடிப்புகளை ஒரு நிரலிலும் கண்டுபிடித்தோரை மறு நிரலிலும் எழுதி மனனஞ் செய்வது வழக்கம். தொலைபேசி, மின்விளக்கு, வானூர்தி என்று நிரல் நீண்டு செல்லும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் நிற்கும். “கணினிக்கு எதிரே யாருடைய பெயரை எழுதுவது, சேர்?” என்று என் மாணவன் ஒருவன் அண்மையிற் கேட்டான். அதற்கு விடை காண ஐக்கிய அமெரிக்காவில் ஒரு நீதிமன்றத்துக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது என்றேன். அவன் வியப்புடன் நோக்கினான். அவனுக்குச் சொன்ன வரலாற்றையே இவ்வாரம் வாசகர்க்கும் சொல்ல எண்ணுகிறேன்.

வழக்காடியவை இரு பெருங் கொம்பனிகள். ஒன்று ஸ்பெரி ராண்ட், மற்றையது ஹனிவெல். இரண்டும் கணினி செய்து விற்றவை. ஆகவே இயல்பாகவே போட்டியாளர். சண்டைக்குக் காரணமாய் இருந்தது ஓர் ஆக்கவுரிமைப் பத்திரம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அதனைச் செய்யவும் விற்கவும் குறித்த காலத்துக்கு அரசு வழங்கும் தனியுரிமையே ஆக்கவுரிமை எனப்படும். பிறர் அதனைப் பயன்படுத்த விரும்பினால் உரிமையாளருக்குப் பணஞ் செலுத்துதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணிக்கும் அட்டவணைகளை விரைவில் ஆக்குவதற்கென, பென்சில்வேனியா சர்வகலாசாலையில் ‘எனியாக்’ என்னும் இயந்திரம் கட்டப்பட்டது. ஜோன் மோச்லி, பிரெஸ்பர் எக்கேட் என்னும் இருவரும் அதன் கர்த்தாக்கள். ஏறத்தாழ 18,000 வால்வுகளும் 30 தொன் நிறையும் கொண்ட அந்தப் பூதம் 1946 பெப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்டது. அவ்விருவரும் 1947 யூன் 26ஆந் திகதி ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தனர். அவர்கள் தொடங்கிய கொம்பனி கைமாறி ஈற்றில் ஸ்பெரி ராண்டைச் சேர்ந்தது. பலவகைத் தடைகளைக் கடந்து 1964 பெப்ரவரி 4ஆந் திகதி பத்திரம் கிடைத்தது. அக்காலச் சட்டப்படி அது வழங்கப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். வளர்ந்துவரும் கணினித் தொழில் முழுவதும் 1981 வரை ஒரு கொம்பனிக்குத் திறை செலுத்தும் நிலை இதனால் உண்டாயிற்று.

ஹனிவெல் பணஞ் செலுத்த இணங்கவில்லை. 1967 மே 26ஆந் திகதி இரு கொம்பனிகளும் ஒன்றன்மேல் ஒன்று வழக்குத் தொடுத்தன. ஸ்பெரி ராண்ட் வாஷிங்டனிலும் ஹனிவெல் தன் சொந்த நகரமான மினியாப்பொலிசிலும் மனுத் தாக்கல் செய்தன. ஹனிவெல் சில நிமிடங்கள் முந்திக்கொண்டமையால் வழக்கு மினியாப்பொலிசிலேயே விசாரிக்கப்பட்டது. 1971 யூன் மாதத்தில் நீதியரசர் ஏர்ள் லார்சன் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. 77 சாட்சிகளின் வாக்குமூலங்கள் பதிவாயின. 32,000க்கு மேற்பட்ட சான்றுப்பொருள்கள் சமர்ப்பிக்கப்பட்டன.

எனியாக்குக்கு முன்னரே இத்தகைய இயந்திரம் எவரேனும் செய்திருந்தால், அவ்வுரிமைப் பத்திரம் நிலைக்காது. ஹனிவெல்லின் சட்டத்தரணிகள் அத்தகைய ஒருவரைத் தேடி அலைந்து, ஈற்றிற் கண்டுபிடித்தனர். அவர் ஓர் ஆசிரியர்.

ஜோன் வின்சென்ட் அட்டனசோவ் என்பவர் அயோவா அரசுக் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்ப்பதில் மாணவர் படும் பாட்டைப் பார்த்து, அவ்வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்க வழியுண்டா என்று சிந்தித்தார். 1937ஆம் ஆண்டு முடிவில், கடுங் குளிர் நாளொன்றின் இரவில், மன உளைச்சல் தாளாது காரை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 200 மைல் ஓட்டிச் சென்று, அயல் மாநிலத்துச் சாலையோர விடுதியொன்றில் அமர்ந்தாராம். அங்கேதான் வழி தெளிந்தது என்று பிற்காலத்திற் கூறினார். பத்து இலக்கங்களுக்குப் பதிலாகப் பூச்சியம், ஒன்று என்னும் இரண்டே இலக்கங்கள். பற்சக்கரங்களுக்குப் பதிலாக மின்வால்வுகள். எண்களை நினைவில் வைத்திருக்க மின்னேற்றத்தைத் தாங்கும் கொள்ளளவிகள். அவற்றிலிருந்து மின்னேற்றம் சிறுகச் சிறுகக் கசிந்துவிடும். ஆகையால் எண் மறைந்துபோகுமுன் அதனை மீண்டும் மீண்டும் புதுப்பித்தல் வேண்டும். இன்று நம் கையிலுள்ள தொலைபேசியின் நினைவகமும் இந்தத் தத்துவத்தின்படியே இயங்குகிறது.

கல்லூரி வழங்கிய 650 டொலரைக் கொண்டு, கிளிபர்ட் பெரி என்னும் மாணவனின் துணையுடன் அட்டனசோவ் 1939இல் வேலையைத் தொடங்கினார். 29 சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கத்தக்கதாக, ஏறத்தாழ 300 வால்வுகள் கொண்ட ஒரு பொறி உருவாயிற்று. 1941 யூனில் அதனைப் பார்ப்பதற்கு விருந்தினர் ஒருவர் வந்து, அவர் வீட்டிலேயே சில நாட்கள் தங்கினார். பொறியைப் பார்வையிட்டார், அதனை விளக்கும் கையெழுத்துப் பிரதியையும் படித்தார். அந்த விருந்தினரே ஜோன் மோச்லி. அவ்வாண்டு செப்ரெம்பரில், அட்டனசோவின் பொறியிலுள்ள சில அமிசங்களைச் சேர்த்துத் தாம் ஒரு கணிப்பான் கட்டுவதில் ஆட்சேபம் உண்டோ என்று மோச்லி எழுதிக் கேட்டார். முப்பது ஆண்டுகளின் பின் அக்கடிதம் நீதிமன்றத்திற் படிக்கப்பட்டது.

போர் வந்தது. அட்டனசோவ் 1942இல் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சென்றார். ஆக்கவுரிமை விண்ணப்பம் பேச்சளவில் இருந்ததேயன்றித் தாக்கல் செய்யப்படவேயில்லை. 1948இல் இடம் வேண்டுமென்று கல்லூரியார் அந்தப் பொறியையும் பிரித்துப்போட்டனர்.

1973 ஒக்டோபர் 19ஆந் திகதி தீர்ப்பு வெளியாயிற்று. எனியாக்கின் ஆக்கவுரிமை செல்லாது என்றார் நீதியரசர். காரணங்கள் பல. விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு மேல் முன்னரே எனியாக் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்பது ஒன்று. இலத்திரனியற் கணினியின் அடிப்படையை மோச்லியும் எக்கேட்டும் தாமே முதலிற் கண்டவர்கள் அல்லர், அட்டனசோவிடமிருந்தே அது பெறப்பட்டது என்பது மற்றொன்று. ஹனிவெல்லும் கேட்ட இழப்பீட்டைப் பெறவில்லை. ஸ்பெரி ராண்டும் ஐ.பி.எம். கொம்பனியும் 1956இற் செய்துகொண்ட உடன்படிக்கை நியாயமான போட்டிக்கு விரோதமானது என்று நீதிமன்றம் கண்டபோதிலும், காலங் கடந்து முறையிட்டமையால் அதற்கு இழப்பீடில்லை என்று தீர்த்தது. ஸ்பெரி ராண்ட் மேன்முறையீடு செய்யவில்லை. மறுநாள் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் தம்மை விசாரித்த விசேட வழக்குரைஞரைப் பதவிநீக்கஞ் செய்வித்தார். பத்திரிகைகள் அந்தப் பரபரப்பில் மூழ்கிவிட்டன. கணினி எவருடைய சொத்துமன்று என்ற செய்தி பலருடைய காதுக்கு எட்டவில்லை.

மோச்லி இத்தீர்ப்பைக் கடைசிவரை ஏற்கவில்லை. அட்டனசோவின் இல்லத்திலிருந்து தாம் பயனுள்ள எதனையும் கொண்டுவரவில்லை என்றே அவர் 1980இல் மறையும் வரை வாதிட்டார். அவர் பக்கத்திலும் நியாயமுண்டு. அட்டனசோவின் பொறி ஒரேவகைக் கணக்குக்கென அமைந்தது. அதன் விடைகளை அட்டையிற் பதிந்து மீண்டும் வாசிக்கும் பகுதி பிழைவிட்டமையால் முழுமையாகப் பயன்படவுமில்லை. எனியாக் பலவகைக் கணக்குகளை உண்மையாகவே செய்து காட்டியது. விதையை எடுத்து வைத்தவர் ஒருவர், மரமாக்கியவர் இருவர். இவர்களுள் யார் பெரியவர் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வழக்காடுகின்றனர்.

எனினும் இவ்வழக்கில் நான் காணும் பாடம் வேறு. இரு கொம்பனிகளும் உண்மையை நாடி நீதிமன்றம் ஏறவில்லை. பணத்தை நாடியே ஏறின. ஆயினும் அவற்றின் சண்டையினாலேதான் பழைய கடிதங்களும் குறிப்பேடுகளும் பெட்டிகளை விட்டு வெளியே வந்தன. மறக்கப்பட்ட ஓர் ஆசிரியரின் பெயரும் வந்தது. மாணவன் பெரிக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அவர் 1963இலேயே இறந்துவிட்டார். அட்டனசோவுக்குத் தீர்ப்பினாற் பணம் வரவில்லை. 1990இல் நாட்டின் தொழினுட்பப் பதக்கம் கிடைத்தது. 1995 யூன் மாதத்தில், பன்னிரண்டு நாள் இடைவெளியில், எக்கேட்டும் அட்டனசோவும் காலமாயினர்.

ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கக்கூடிய காரியம் இது. ‘இன்னாரிடம் இதனைக் கண்டேன், அதன்மேல் இதனைக் கட்டினேன்’ என்று எனியாக்கின் கர்த்தாக்கள் தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் அவர்களுடைய புகழில் அணுவளவும் குறைந்திராது. ஆக்கவுரிமைச் சட்டமோ ‘முதல்வர் யார்?’ என்று மட்டும் கேட்கிறது. அந்த வினா மனிதரை, பெற்ற கடனை மறைக்கத் தூண்டுகிறது. கொம்பனிகளுக்கு மட்டுமா இது பொருந்தும்? அயலவன் கொப்பியைப் பார்த்துக் கணக்கைத் தீர்க்கும் மாணவனுக்கும், பிறருடைய குறிப்பைத் தன் பெயரில் அச்சிடும் ஆசிரியனுக்கும் பொருந்தும்.

என் மாணவன் விடவில்லை. “அப்படியானால் நிரலில் என்ன எழுதுவது, சேர்?” என்று மீண்டுங் கேட்டான். அட்டனசோவ், பெரி, மோச்லி, எக்கேட் என்று நான்கு பெயரையும் எழுது என்றேன். ஒரு பெயருக்கே இடமிருக்கிறது என்றான். அப்படியானால் நிரலை அகலமாக்கிக் கொள், தம்பி என்றேன்.