வீட்டுக்குள் ஒரு தண்டவாளம்

ரிட்டயரான மனுஷனுக்கு இரண்டே வழி. கோயில் கமிட்டியில் சேரலாம். இல்லையென்றால் வீட்டில் எதையாவது கழற்றிப் போடலாம். நான் இரண்டாவது ரகம்.

எங்கள் பள்ளிபாளையத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் விசைத்தறிச் சத்தம். அந்த தைரியத்தில்தான் பின்கட்டில் ரம்பம் வைத்தேன். சத்தம் என்று யாரும் சண்டைக்கு வர முடியாது பாருங்கள்! 7 அங்குல கை ரம்பத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, 18 மில்லி ப்ளைவுட் மேசைக்கு அடியில் முடுக்கியாயிற்று. பிளேடு மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். பேத்திக்குப் படிக்கிற மேசை செய்வதாக வாக்கு.

மரத்தைக் கோணாமல் தள்ள ஒரு டிராக் வேண்டும் என்றேன்.

"தண்டவாளமா? அதான் காவேரி ஸ்டேஷன்ல வேணுங்கற அளவு கெடக்குதுங்களே!" என்றாள் மனைவி. (எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் பெயரே காவேரிதான்.)

இது அலுமினிய டிராக். அகலம் 30 மில்லி, உயரம் 12.8 மில்லி. போல்ட்டின் தலை உள்ளே ஓடும். மேலே குமிழைத் திருகினால் நின்ற இடத்தில் இறுகிக்கொள்ளும். 13 மில்லி ஆழத்துக்குக் காடி எடுத்தேன். டிராக் மேசையை விட ஒரு நூல் தூக்கி நின்றாலும் மரம் தட்டும் அல்லவா? மேசை விளிம்பிலிருந்து அளந்து, ஸ்கேல் பிடித்த மாதிரி பதித்து, ஆறு ஸ்க்ரூ. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஸ்விட்சைப் போட்டு மரத்தைத் தள்ளினேன். பாதி தூரத்தில் கருகல் வாசனை. அப்புறம் 'டொம்!' துண்டு பறந்துபோய் தினசரி காலண்டரைத் தாக்க, சஷ்டியோடு சேர்த்து நாலு நாள் கிழிந்து தொங்கியது. சிரிக்க வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு நிமிஷம் முன்னால் அந்தக் காலண்டருக்குக் கீழேதான் பேத்தி நின்றாள். முறுக்கு இருக்கிறதென்று பாட்டி கூப்பிட்டதால் உள்ளே ஓடியிருந்தாள்.

மனைவி ஒன்றும் பேசவில்லை. நேரே போய் ஆசாரியைக் கூட்டி வந்தாள். லாரிக்கு பாடி கட்டியே தலை நரைத்தவர். வந்ததும் முதல் வேலையாக ப்ளக்கைப் பிடுங்கினார்.

"எங்கிருந்துங்க அளவெடுத்தீங்க?"

"மேசை விளிம்பிலிருந்துதான்."

"மேசையா சார் மரத்தை வெட்டுது? பிளேடுதானுங்களே? அங்கிருந்தல்ல அளவெடுக்கோணும்!"

பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி வைத்தார். அதை முன்பக்கம் நிறுத்தி டிராக்கிலிருந்து அளந்தார். அதே பல்லைப் பின்பக்கம் கையால் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி அளந்தார். 3 மில்லி வித்தியாசம்! வேறு வேறு பல்லை அளந்தால் பிளேடின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடுமாம்.

டிராக் கோணினால் மரம் பிளேடின் பின்பக்கப் பற்களில் போய் உரசும். அந்தப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி, நம் பக்கமாக வருகிறவை. மரத்தைத் தூக்கி நம் மேலேயே வீசிவிடும். நிமிஷத்துக்கு 5,000 சுற்று என்றால் பல்லின் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சேலத்தில் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை.

ஆசாரி முன் ஸ்க்ரூவை மட்டும் விட்டுவைத்து, காடியை ஒரு பக்கம் செதுக்கி, பின் முனையை நகர்த்தினார். சந்தில் மெல்லிய ரீப்பர், பழைய ஓட்டைகளில் குச்சி. அரை மணி நேர வேலை. அப்போதுதான் கவனித்தேன்: அவர் வலது ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"இது எப்படிங்க?"

"அவசரமுங்க," என்றார், ஒற்றை வார்த்தையில்.

நான் படித்ததைச் சொன்னேன். அமெரிக்காவில் 1999-ல் ஸ்டீவ் காஸ் என்பவர் ஒரு வித்தை கண்டுபிடித்தார். பௌதிகம் படித்த காப்புரிமை வக்கீல். பிளேடில் மெல்லிய மின்சிக்னல் ஓடும். விரல் பட்டதும் அது மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடைக் கவ்வும். 5 மில்லிசெகண்டில் ரம்பம் நின்றுவிடும். விரலுக்குப் பதில் சாஸேஜை வைத்துக் காட்டுவார்கள், லேசான கீறல்தான்.

ஆசாரி கேட்டுக்கொண்டார். "மெஷின் நிக்கறது நல்லதுதானுங்க. ஓட்டற ஆளும் எங்க நிக்கோணும்னு தெரிஞ்சுக்கோணும். பிளேடுக்கு நேரா நிக்காதீங்க. கொழந்தையையும் விடாதீங்க."

இப்போது மரம் வெண்ணெய் மாதிரி போகிறது. மேசை முடிந்துவிட்டது. பின்கட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட்டாயிற்று.

ஆனாலும் தினமும் மத்தியானம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்:

"ஏனுங்க, வெரலை எண்ணிப் பாருங்க. பத்து இருந்தா சோறுங்க வாங்க!"