முட்டை ஓட்டைக் கொட்டாதீர்கள்

காலையில் நடக்கப் போகும்போது பார்க்கிறேன், எங்கள் தெருவில் பாதி வீடுகளில் மதிலோர இட்லிப்பூச் செடி மஞ்சள் காமாலை வந்தாற்போல் நிற்கிறது. கேட்டால், "சத்து பத்தலை சார், முட்டை ஓடும் சாம்பலும் போடறேன், வாட்ஸப்பில் வந்தது" என்கிறார்கள். அன்பர்களே, அது மருந்தல்ல, விஷம்.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். என் மனைவி வைத்த செடிக்கு, அவள் போன பிறகு, இரண்டு வருஷம் முட்டை ஓடும் டி.ஏ.பி.யும் போட்டு நானே அதைச் சாகடித்தேன்.

இட்லிப்பூ புளிப்பு மண் கேட்கும் செடி. ஊட்டியில் பூக்கும் அசேலியாவுக்கும் அதே குணம். அமில கார அளவில் 7 நடுநிலை. இதற்கு 5 முதல் 6 வரை வேண்டும். நம் மதிலோரத்தில் இருப்பதோ வீடு கட்டியபோது கொட்டிய சுண்ணாம்பும் சிமெண்ட் காரையும். ஊற்றுவது போர் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் சுண்ணாம்புதான். முட்டை ஓடும் சுண்ணாம்பு. சாம்பலும் காரம்.

மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. காரம் ஏறினால் அது கரையாது. பீரோவில் பணம் இருந்தும் சாவி இல்லாத கதை. டி.ஏ.பி.யில் 46 சதவீதம் மணிச்சத்து. அது மிஞ்சினால் பூட்டு இன்னும் இறுகும்.

கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. அடியிலை முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. இந்த மஞ்சளிப்புக்குப் பிரெஞ்சில் 'குளோரோஸ்' என்று பெயர். இரும்பு உப்புக் கொடுத்தால் இலை பச்சையாகும் என்று எசெப் கிரிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1843-லேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் முட்டை ஓட்டிலேயே இருக்கிறோம்.

"ரோஜாவுக்குப் போட்டேன், நன்றாகத்தானே இருக்கிறது?" என்பீர்கள். ரோஜா வேறு, இட்லிப்பூ வேறு. ஊருக்கெல்லாம் ஒரே மாத்திரையா?

செய்ய வேண்டியது இதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து, சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள். 15 நாள் விட்டு மறுபடி. தரையில் பட்டால் கறை போகாது, ஜாக்கிரதை. உரம் போடுவதானால் அம்மோனியம் சல்பேட் சிறிதளவு போதும். அது மண்ணையும் புளிக்க வைக்கும். கந்தகத் தூளும் நல்லது, ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க மாதக்கணக்கில் ஆகும். காரை மிகுந்த மதிலோரத்தில் கந்தகமும் தோற்கும். செடியைச் செம்மண் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்து ஊற்றுங்கள். அதற்குக் காசு வேண்டாம்.

இப்போது என் வீட்டில் தொட்டியில் வேறொரு இட்லிப்பூ இருக்கிறது. நன்றாகவே பூக்கிறது. ஆனால் அது அவள் வைத்ததில்லை.