நொடிக்கு எத்தனை பாக்கெட்?

தனி ரவுட்டர் வாங்குவதா, ஒரு கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் செருகி, லினக்ஸோ ஓபிஎன்சென்ஸோ ஏற்றி, அதையே கேட்வேயாக வைப்பதா? நம் துறையினர் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு வராமல் போகாது. பெரும்பாலும் விலையில் தொடங்கி, யாருக்கு எந்த பிராண்ட் பழக்கம் என்பதில் வந்து நிற்கும். நொடிக்கு எத்தனை பாக்கெட் வருகிறது, ஒவ்வொன்றின் மேலும் எவ்வளவு வேலை செய்யப்போகிறோம் என்பதைப் பலரும் கேட்பதே இல்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கணக்கு எளிது. ஒரு ஜிகாபிட் ஈதர்நெட் இணைப்பில் மிகச் சிறிய 64 பைட் ஃபிரேம்கள் நிரம்பி வந்தால் நொடிக்கு 14.88 லட்சம். 1,500 பைட் பாக்கெட்டுகள் என்றால் சுமார் 81,000தான். இரண்டுமே ஒரு ஜிகாபிட். வேலையோ 18 மடங்கு வேறுபடுகிறது. பத்து ஜிகாபிட்டில் ஒரு சிறு ஃபிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 67 நானோநொடி. மூன்று ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது 200 சுழற்சி. கேஷில் இல்லாத ஒரு தகவலுக்காக நினைவகம் வரை போய் வந்தாலே அந்த அவகாசம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். தனிச் சிலிக்கான் சிப்பில் பாக்கெட்டை அனுப்பும் ரவுட்டர்களின் பலம் இங்கேதான். கணினிப் பக்கம் டிபிடிகே, எக்ஸ்டிபி போன்ற நுட்பங்கள் பிறந்ததும் இந்த நெருக்கடியால்தான்.

ஒரு கால்சென்டரை எடுத்துக்கொள்வோம். 200 பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஜி.711 கோடெக், 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட். ஒரு திசையில் 16 மெகாபிட்தான் ஆகும், ஆனால் நொடிக்கு 10,000 பாக்கெட். அதே 16 மெகாபிட்டில் ஒருவர் கோப்பைப் பதிவிறக்கினால் 1,300 சொச்சம். ‘எங்களிடம் 100 மெகாபிட் லைன்தான், எந்தப் பெட்டியும் தாங்கும்’ என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

இனி, அட்டைப் பெட்டியில் அச்சிட்ட வேகம். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் அந்த எண், ஹார்டுவேர் ஆஃப்லோடு இயங்கும்போது கிடைப்பது. இணைப்பின் முதல் சில பாக்கெட்டுகளை சிபியு பார்க்கும். மீதி அதைத் தொடாமலே சிப் வழியாகப் போய்விடும். வீடியோ அழைப்பு இழுக்கிறதே என்று க்யூஓஎஸ்ஸை இயக்கினால், ஒவ்வொரு பாக்கெட்டும் மறுபடி சிபியு வழியாகத்தான் போயாக வேண்டும். அப்போது வேகம் சரிந்து விழும். பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. விற்றவர் சொன்ன எண் வேறு வேலைக்கானது. ஆகவே ஃபயர்வால் விதிகள், க்யூஓஎஸ், விபிஎன் எல்லாம் இயங்கும் நிலையில் என்ன வேகம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த வேலைகளில்தான் கணினி கேட்வே தன் மதிப்பைக் காட்டுகிறது. லினக்ஸில் 2012இல் வந்த எஃப்க்யூ-கோடெலும் 2018இல் சேர்ந்த கேக்கும், நெரிசலான லைனில் காத்திருப்பைக் கட்டுக்குள் வைப்பதில் விலை உயர்ந்த பல பெட்டிகளை விடவும் மேல் என்பது எங்கள் கணிப்பு.

கணினி என்றால் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். பிஎஸ்என்எல் ஃபைபர் உட்பட இங்கே பல இணைப்புகள் பிபிபிஓஈ வழியாக வருகின்றன. நெட்வொர்க் கார்டு, ஐபி முகவரியையும் போர்ட்டையும் பார்த்துத்தான் பாக்கெட்டுகளை வெவ்வேறு கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். முன்னால் பிபிபிஓஈ தலைப்பு நின்றால் பல கார்டுகளுக்கு உள்ளே இருக்கும் ஐபி தெரிவதில்லை; அத்தனையும் ஒரே கோரின் தலையில் விழும். நான்கு கோர் இயந்திரத்தில் டாப் கட்டளை ‘25 சதவீதம்’ என்று காட்ட, லைனோ திணறும். டாப்பில் 1 என்ற விசையை அழுத்திப் பாருங்கள்: ஒரு கோரில் மட்டும் எஸ்ஐ எண் நூறைத் தொட்டு நிற்கும், மற்ற மூன்றும் சும்மா இருக்கும். லினக்ஸில் ஆர்பிஎஸ்ஸை இயக்கினால் கெர்னலே சுமையைப் பகிர்ந்துவிடும். இது தெரியாதவர் அடுத்து செய்வது, இன்னும் அதிக கோர் உள்ள கணினியை வாங்குவதுதான்.

சிலிக்கானுக்கும் எல்லை உண்டு. 2014 ஆகஸ்ட் 12 அன்று இணையத்தின் வழித்தட அட்டவணை 5.12 லட்சத்தைத் தாண்டியது. அந்த அளவுக்கே டிகேம் நினைவகம் ஒதுக்கப்பட்டிருந்த பழைய ரவுட்டர்கள் பல இடங்களில் தடுமாறின. கணினியில் ரேம் இருக்கும் வரை இந்தச் சிக்கல் வராது. அதே சமயம் ‘தனி ரவுட்டர்’ என்பதும் முழுக்க வேறு இனம் அல்ல: ஜூனோஸின் அடித்தளம் ஃப்ரீபிஎஸ்டி, ஐஓஎஸ் எக்ஸ்ஈயின் அடியில் லினக்ஸ். 2017இல் இன்டெல் ஆட்டம் சி2000 சிப்பின் கடிகாரக் கோளாறு வெளிவந்தபோது, சர்வர்களோடு நெட்வொர்க் பெட்டிகளும் பாதிக்கப்பட்டவற்றின் பட்டியலில் இருந்தன.

மின்சாரத்தையும் பராமரிப்பையும் மறக்கக் கூடாது. 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் ஆண்டுக்கு 525 யூனிட் தின்னும். 8 வாட் ரவுட்டருக்கு 70 யூனிட் போதும். யுபிஎஸ் கைவிட்டு மின்சாரம் பட்டென்று போனால், ஃபர்ம்வேரைப் படிக்க மட்டும் முடிகிற ஃபிளாஷில் வைத்திருக்கும் ரவுட்டர் பெரும்பாலும் அலட்டிக்கொள்ளாமல் எழுந்துவிடும். கணினியின் கோப்பு அமைப்பு சிதையக்கூடும். புதுப்பிப்புகளுக்கு மாதாமாதம் பொறுப்பேற்க, பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஓர் ஆள் இல்லாத பள்ளிக்கோ கிளினிக்குக்கோ கணினி கேட்வே அமைத்துக் கொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. அமைத்தவர் வேறு வேலைக்குப் போன பிறகு அது யாரும் தொடாத இயந்திரமாகிவிடும். இணையத்தைப் பார்த்து நிற்கும் இயந்திரம் அப்படி இருக்கக் கூடாது.

ஆள் இருக்கிற நடுத்தர அலுவலகத்துக்கு எங்கள் பரிந்துரை, வேலையைப் பிரிப்பது. விலான்களுக்கு இடையே ஓடும் கேமரா பதிவு, ஃபைல் சர்வர் போன்ற கனத்த போக்குவரத்தை மூன்றாம் அடுக்கு சுவிட்சிடம் விடுங்கள். அதன் சிப் முழு வேகத்தில் கடத்திவிடும். இணைய எல்லையில் மட்டும் கணினியை நிறுத்தி, ஃபயர்வால், விபிஎன், க்யூஓஎஸ் மூன்றையும் அதனிடம் கொடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: சுவிட்சின் ஏசிஎல் இணைப்பின் நிலையை நினைவில் வைப்பதில்லை. விருந்தினர் வைஃபை, சம்பளப் பட்டியல் சர்வர் போன்ற விலான்களுக்குச் சுவிட்சில் ரவுட்டிங் கொடுக்காமல், கணினி வழியாகவே அனுப்புங்கள்.