வரப்பில் உட்கார 15 நிமிடம்

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நான்கு நாட்கள் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. இதற்காக ஓரிடத்தில் கூட வேண்டியதில்லை. அவரவர் ஊரிலேயே குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் ‘ஈ-பேர்ட்’ தளத்தில் பதியலாம். கைபேசி பழகிய பிள்ளைகள் உதவுவார்கள்.

விவசாயிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். கரிச்சான் அந்துப்பூச்சியைப் பிடிக்கிறது. கூகை எலியைத் தின்கிறது. பனங்காடைக்கு வெட்டுக்கிளியும் வண்டும் இரை. பங்குனி, சித்திரையில் பனங்காடை பட்டுப்போன பனையின் பொந்தில் முட்டையிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் பனை நின்ற நிலம் மனையானால், அங்கே எந்தப் பறவை இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று வேண்டாமா? பறவை பார்க்க வரும் நகரத்தார் பழவேற்காடு ஏரிக்குப் போவார்கள். நம் வரப்புக்கு வரமாட்டார்கள். நம் வயலின் கணக்கை நாமே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

நவரை நெல் வயலில் ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கிகள் நடுங்கள். கதிர் பால் பிடித்ததும் எடுத்துவிடுங்கள். பொந்துள்ள பட்ட பனையை வெட்டாதீர்கள். கூட்டருகே போகாமல் எட்ட நின்றே எண்ணுங்கள்.