வாசல் கோலத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் என்ன சம்பந்தம்? தாம்பரத்தில் இருக்கிறது பதில்

தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தக் காடும் மான்களும். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆய்வாளர்களுக்கு நினைவுக்கு வருவது கோலம்!

அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி, பின்னாளில் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியரான கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் கோலத்தை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விஷயம் சிம்பிள்தான். ‘இந்த வடிவம் வந்தால், அதை எடுத்துவிட்டு இதை வை’ என்று சில விதிகள் போதும். அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டால் சின்னக் கோலம் பெரிய கோலமாக வளரும். 1986-ல் அமெரிக்காவில் நடந்த கிராஃப் கிராமர் ஆய்வரங்கின் தொகுப்பிலும் சிரோமணி தம்பதியின் கோலக் கட்டுரை இருக்கிறது.

சரி, சாஃப்ட்வேர் எங்கே வருகிறது?

புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் அது கிராஃப். ஓர் ஆப்-இன் டிசைனும் அப்படித்தான்: கஸ்டமர், ஆர்டர், பேமென்ட் எல்லாம் புள்ளிகள், இடையில் கோடுகள். முதலில் இந்த மாடலை வரைந்துவிட்டு, விதிகள் மூலம் அதிலிருந்து டேட்டாபேஸையும் கோடிங்கையும் உருவாக்கும் முறை ஒன்று உண்டு. அந்த விதிகளுக்கான கணிதம்தான் கிராஃப் டிரான்ஸ்ஃபர்மேஷன். 1973-ல் ஹார்ட்முட் ஏரிக் உள்ளிட்ட மூவர் ஜெர்மனியிலிருந்து அதற்கு அடித்தளம் போட்டார்கள்.

இதன் அருமை தெரிவது விதிகள் மோதும்போதுதான். ‘ஆர்டரே போடாத கஸ்டமரை நீக்கு’ என்பது ஒரு விதி. ‘ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு வெல்கம் ஆர்டர் சேர்’ என்பது இன்னொன்று. முதல் விதி முந்திக்கொண்டால் புது கஸ்டமர் காலி. இரண்டாவது முந்தினால் அவர் தப்பித்தார். டெஸ்டிங்கில் அப்படி ஒரு கஸ்டமர் வராவிட்டால் யார் கண்ணிலும் இது படாது. விதிகளை இரண்டிரண்டாக எடுத்து, ஓட்டிப் பார்க்கும் முன்பே மோதலைக் கண்டுபிடிக்க இந்தக் கணிதத்தில் வழி இருக்கிறது. ஏஐ நிமிடத்தில் கோடு எழுதித் தரும் இந்த நேரத்தில், எழுதியது சரியா என்று சொல்ல ஆள் வேண்டாமா?

ஆனால் ஜிஎஸ்டி சாலை, ஓஎம்ஆர் பக்கம் எத்தனை இன்ஜினியரிங் மாணவர்களுக்கு இதெல்லாம் அரியர் பயம் காட்டும் ‘தியரி பேப்பர்’! பிளேஸ்மென்ட் கோச்சிங்குக்கு ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தைக் கல்லூரிகள் இதற்குத் தரலாம். முதல் வகுப்பிலேயே போர்டில் ஒரு புள்ளிக் கோலம் போட்டு, ‘இதற்கு விதி எழுதுங்கள்’ என்று தொடங்கலாமே.