நிறம் போனாலும் பொருள் நிக்கவேணும்

உயர்தரப் பிள்ளைகளுக்காக 'தாயங்கள்' அலகுக்கு நாங்கள் ஒரு சின்னக் குறிப்பேடு செய்தோம். ஐந்தாறு பேர் சேர்ந்து, இரவிரவா முழிச்சிருந்து லேற்றெக்கில் அடிச்சது. நிரைகளின் பெயர் நீலம், நிரல்களின் பெயர் சிவப்பு, விடை பச்சை. திரையில் பார்க்க நல்ல வடிவு. எங்களுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

பிறகு அது போட்டோக்கொப்பிக் கடைக்குப் போச்சு. அவ்வளவு பேருக்கும் வண்ணத்தில் அடிக்க ஆரிட்டக் காசிருக்கு? கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தோம். வகுப்பில் ஒரு தங்கச்சி எழும்பிக் கேட்டா: "அண்ணா, 'சிவப்பு நிரலைப் பாருங்கோ' எண்டு போட்டிருக்கிறியள். இதில எது சிவப்பு?"

எங்களிட்ட மறுமொழி இல்லை. மூண்டு நிறமும் ஒரே சாம்பலாய்க் கிடந்தது.

இதுக்காக நிறமே வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. தாயத்துக்குப் பெயரும் தேவை, நிறமும் உதவும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி ஒரு விசயத்தைச் சொல்லக்கூடாது. இணையத்தள அணுகல் வழிகாட்டிகளும் இதைத்தான் சொல்லுகின்றன. போட்டோக்கொப்பி மட்டுமில்லை, சிவப்பையும் பச்சையையும் பிரிச்சு அறிய முடியாத பெடியளும் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் அதை வெளியில் சொல்லுவதும் குறைவு.

பெயர் ஏன் தேவை எண்டதுக்கு ஒரு உதாரணம். பேச்சுக்கு, கடை 1 இல் அரிசி, பருப்பு, சீனி கிலோ 230, 300, 250 ரூபா. கடை 2 இல் 240, 280, 260. முதல் வீட்டுக்கு முறையே 5, 1, 2 கிலோ வேணும். இரண்டாவது வீட்டுக்கு 3, 2, 1. முதல் தாயத்தில் நிரைகள் கடைகள், நிரல்கள் பொருட்கள். இரண்டாவதில் நிரைகள் பொருட்கள், நிரல்கள் வீடுகள். பெருக்கினால் முதல் வீட்டுக்கு 1950, 2000 வரும். கடை 1 தான் மலிவு. இரண்டாவது வீட்டுக்கு ரெண்டு கடையும் 1540, எங்கை வாங்கினாலும் ஒண்டுதான்.

வெறும் எண்களாய் எழுதினால் "நிரையை நிரலால் பெருக்கு" எண்ட பாடமாக்கல்தான் மிஞ்சும். ஓரத்தில் பெயர் இருந்தால், ரெண்டு தாயத்திலும் பொதுவாய் நிக்கிறது பொருட்கள் எண்டும், பெருக்கினதும் அது மறைஞ்சு கடையும் வீடும் மிஞ்சுது எண்டும் பிள்ளைக்குத் தெரியும். நிறத்துக்கு உரிய இடம் அந்தப் பொதுவான பெயர்கள்தான். அதுகளுக்கு மட்டும் ஒரே நிறம் கொடுங்கோ, கூடவே ஒரு அடிக்கோடும் போடுங்கோ. மற்றதெல்லாம் கறுப்பாய் இருக்கட்டும். நாங்கள் மூண்டு நிறத்தை அள்ளிக் கொட்டினது அலங்காரம். அதில் கற்பித்தல் இருக்கவில்லை.

லேற்றெக்கில் இது கஷ்டமான வேலையில்லை. டொனால்ட் குனூத் செய்த ரெக்கிலேயே ஓரப்பெயர் போடுகிற 'போர்டர்மேற்றிக்ஸ்' கட்டளை இருக்கு. இண்டைக்கு 'நைஸ்மேற்றிக்ஸ்' பொதி இன்னும் லேசு. முதல் நிரையும் முதல் நிரலும் பெயருக்கு எண்டு சொல்லிவிட்டால், அடைப்புக்கு வெளியில் அதுவே கொண்டுபோய் வைக்கும். பெயர் நிரைக்கு என்ன நிறம் எண்டதையும் ஒரே இடத்தில் சொல்லலாம். ஒருதரம் ஓட்டி இடம் பிசகினால் பயப்படாமல் இன்னொருதரம் ஓட்டுங்கோ.

தமிழில் எழுதேக்க ஒரு பொறி இருக்கு. கணித முறைக்குள் தமிழை நேரா எழுதினால் எழுத்து அப்படியே காணாமல் போகும். ஓட்டம் நிக்காது, லொக் கோப்பில் ஒரு வரி மட்டும் முணுமுணுக்கும். சீலேற்றெக்கில் தமிழ் எழுத்துருவை வைச்சு, ஒவ்வொரு பெயரையும் 'ரெக்ஸ்ற்' கட்டளைக்குள் போடவேணும். இதில் களைச்சுத்தான் கனபேர் ஆங்கிலப் பெயருக்குத் தாவுகிறார்கள். தமிழில் படிக்கிற பிள்ளைக்கு அது இன்னொரு சுவர்.

நிறத்துக்கு 'எக்ஸ்கலர்' பொதி. அதில் நிறங்களுக்கு நாங்களே பெயர் வைக்கலாம். 'சிவப்பு' எண்டு வைக்காமல் 'பொதுப்பெயர்' எண்டு வைச்சால், பிறகு ஒரே வரியை மாத்தி முழுக் குறிப்பேட்டையும் மாத்தலாம். அதே பொதியில் எல்லா நிறத்தையும் சாம்பலாக்குகிற ஒரு தெரிவும் இருக்கு. கடைக்குப் போகமுதல் அதைப் போட்டு ஒருக்காப் பார்த்திருந்தால், அந்தத் தங்கச்சி எழும்பியிருக்கத் தேவையில்லை.

"தாயம் எண்டால் எண்கள்தானே, பெயர் எதுக்கு?" எண்டு கேட்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சோதனைத்தாளில் பெயர் வராது எண்டது உண்மைதான். ஆனால் பெயரோடு விளங்கிக்கொண்ட பிள்ளை, பெயரை எடுத்த பிறகும் கணக்கைச் செய்யும். பெயரில்லாமல் பாடமாக்கின பிள்ளைக்குக் கேள்வி கொஞ்சம் திரும்பினாலே தடுமாற்றம்தான்.

குறிப்பேட்டைத் திருத்திக்கொண்டு இருக்கிறோம். 'சிவப்பு நிரலைப் பாருங்கோ' எண்ட வரியை வெட்டிவிட்டு 'பருப்பு நிரலைப் பாருங்கோ' எண்டு எழுதியிருக்கிறோம். இந்த முறை முதல் பிரதி போட்டோக்கொப்பிக் கடைக்குத்தான் போகும். அங்கை தேறினால்தான் வகுப்புக்கு.